விரல் போகும் வழியும் தாள் கேட்கும் கேள்வியும்

செஸ்னா 172எஸ் விமானத்தில் எரிபொருள் தேர்வுக் குமிழ், முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே தரையோரமாக இருக்கிறது. கையை அங்கே வைத்து மேலே கொண்டுபோனால் மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் டிரிம் சக்கரம், அதற்கும் மேலே எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர், இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் துணை எரிபொருள் பம்பின் சுவிட்ச், கடைசியில் இக்னிஷன் சாவி. கை போகும் இந்த வழியை விமானிகள் ‘ஃப்ளோ’ என்பார்கள். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர், சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலான செக்லிஸ்ட்டை வரிவரியாக உருப்போடப் பார்ப்பார். ஒரு வாரம் பறக்காமல் விட்டால் பாதி மறந்திருக்கும். உருப்போட வேண்டியது இந்த வழியைத்தான்.

மனம் ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களைத்தான் தாங்கும். ஆனால் செயல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுவிட்டால் எண்ணிக்கை பெரிய பாரமாக இருக்காது. ஒரு சுவிட்சைத் தொட்டதே அடுத்ததை நினைவூட்டிவிடும். பள்ளியில் படித்த செய்யுள் முதலடியைச் சொன்னதும் கடகடவென்று வருவதும் இப்படித்தான். நடுவில் யாராவது கூப்பிட்டால் அந்தச் செய்யுளை விட்ட இடத்தில் பிடிக்க முடியாமல் திணறுவோம் அல்லவா, ஃப்ளோவின் பலவீனமும் அதுவே. செய்யுளில் ஓர் அடி விட்டுப்போனால் காதுக்காவது தெரியும். காக்பிட்டில் அதுவும் தெரியாது. இதே சுவிட்சை முன்பு நூறு முறை போட்ட நினைவு, இன்றும் போட்டுவிட்டோம் என்ற உறுதியாக வந்து நிற்கும்.

1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 விமானத்துக்கு நேர்ந்தது இதுதான். அனுபவம் மிக்க விமானிகள் ஓட்டிய எம்டி-82 அது. புறப்பட வேண்டிய ஓடுபாதை மாறியதால் அது தொடர்பான வேலைகள் குறுக்கே வந்தன. ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது படிக்க வேண்டிய டாக்ஸி செக்லிஸ்ட் படிக்கப்படவே இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கி, குறைந்த வேகத்தில் மேலெழ உதவும் பிளாப் பற்றிய வரி இருந்தது அந்தப் பட்டியலில். எச்சரித்திருக்க வேண்டிய ஒலிக்கருவிக்கும் மின்சாரம் வரவில்லை. பிளாப்பும், அதேபோல் முன்விளிம்பில் உள்ள ஸ்லாட்டும் இறங்காமல் மேலெழுந்த விமானம் விழுந்து, தரையில் இருந்த இருவர் உட்பட 156 பேர் இறந்தார்கள்.

ஆக, ஃப்ளோ வேலையைச் செய்கிறது; செக்லிஸ்ட் அந்த வேலை நடந்ததா என்று கேட்கிறது. போயிங் 737இல் தலைக்கு மேலுள்ள பலகையில் எத்தனையோ சுவிட்சுகள். விமானி அவற்றைப் பத்தி பத்தியாக, மேலிருந்து கீழாகத் தொட்டு வருவார். புறப்படுவதற்குச் சற்று முன் படிக்கும் பட்டியலிலோ பிளாப், ஸ்டெபிலைசர் டிரிம் (வால் சிறகின் சமன்) என விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகளே இருக்கும். மறந்தால் உயிரை வாங்கும் வரிகள் அவை. சிமுலேட்டரில் 60 வரிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொடுக்கிக்கொண்டு போகும் பழக்கத்தில் இந்த இரட்டைப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஒரு வரியைக் கண் தாண்டிவிட்டால் அதைப் பிடிக்க வேறெதுவும் இல்லை.

பட்டியலைப் படித்தாலும் தவறு கண்ணுக்குத் தப்பலாம் என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14 அன்று 121 பேரைப் பலிகொண்ட ஹீலியோஸ் 522 விமான விபத்து சாட்சி. தரையில் நடந்த சோதனைக்குப் பிறகு, விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் காக்கும் கேபின் அழுத்தத் தேர்வுக் குமிழ், தானாக இயங்காத ‘மேனுவல்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் ஒன்றுக்கு மேல் வந்தும் யார் கண்ணிலும் படவில்லை. எப்போதும் ‘ஆட்டோ’வில் இருக்கும் குமிழைப் பார்க்கும்போது மூளை எதிர்பார்ப்பதையே கண் கண்டுவிடுகிறது. மேலே ஏறுகையில் ஒலித்த எச்சரிக்கையும், புறப்பாட்டுக்குமுன் பிளாப் முதலியவை சரியில்லை என்று ஒலிக்கும் அதே சத்தம். அதனால் விமானிகள் வேறெங்கோ தேடினார்கள்.

இதற்கு மாற்று, ‘சரி’, ‘பார்த்தாச்சு’ என்று சொல்வதை விட்டுவிட்டு அளவை வாய்விட்டுச் சொல்வது. ‘பிளாப்?’ என்று பட்டியல் கேட்டால், காட்டியைப் பார்த்து ‘பத்து’ என்று சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் இது இன்னும் அவசியம். பிளாப் சாவியைத் தெரியாமல் இரண்டு முறை அழுத்தியிருந்தால் 20 டிகிரி இறங்கியிருக்கும். உண்மையான நெம்புகோல் போலக் கைக்கு அது தெரியாது. மிக்ஸ்சரிலும் ஒரு பொறி உண்டு. இன்ஜின் ஓடும் நிலையில் விமானத்தைத் திறக்கிறீர்கள். திரையில் மிக்ஸ்சர் முழுதாக உள்ளே, மேசையிலுள்ள நெம்புகோலோ பின்னால். அதை லேசாக அசைத்ததும் சிமுலேட்டர் அதன் நிலைக்குத் தாவி, எரிபொருளை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடும். விமானம் திறந்தவுடன் எல்லா நெம்புகோல்களையும் திரையோடு பொருத்துவதை ஃப்ளோவின் முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையின் நினைவுக்கு இடம் மாறாமல் இருக்க வேண்டும். மவுஸால் திரையை இழுத்து இழுத்துத் தேடினால் ஒவ்வொரு முறையும் வழி வேறாகிவிடும். தரையோரம், நடுப்பலகை, இடப்பக்கம் என மூன்று கேமரா காட்சிகளைச் சேமித்து, மூன்று பொத்தான்களுக்குக் கொடுத்துவிட்டால் வழி நிலைக்கும். சில சிமுலேட்டர்களில் கன்ட்ரோலையும் ஈயையும் சேர்த்து அழுத்தி இன்ஜினைத் தானாகக் கிளப்புவதையும், செக்லிஸ்ட் தானே எல்லாவற்றையும் முடிக்கும் வசதியையும் பழகும் காலத்தில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காக்பிட் படத்தை அச்சிட்டு எதிரே ஒட்டி, கணினியைத் திறக்காமலே ஐந்து நிமிடம் விரலால் தொட்டுப் பழகுவது அவற்றைவிடப் பல மடங்கு பயன் தரும். விமானப் பள்ளி மாணவர்களும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இப்படித்தான் பழகுகிறார்கள்.

புறப்படுமுன் இன்ஜினைச் சோதிக்கும் ரன்-அப்பை எடுத்துக்கொள்வோம். 172எஸ்ஸில் 1800 ஆர்பிஎம் வைத்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை இக்னிஷன் சாவியால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எதிலும் ஆர்பிஎம் 150க்கு மேல் குறையக் கூடாது; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. சோதனைக்கு நடுவே கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைக்கிறது, நீங்கள் பதில் சொல்கிறீர்கள். சாவி இன்னும் ஒற்றை மேக்னெட்டோவில் இருக்கலாம். இன்ஜின் சீராக ஓடுவதால் அது உறைக்காது. ஆகவே கோபுரத்துக்குப் பதில் சொல்லுமுன் கட்டைவிரலைத் தாளில் அந்த வரிமேல் வையுங்கள். விரல் எங்கே இருந்தது என்பதில் சந்தேகம் வந்தால், அந்தப் பட்டியலை முதல் வரியிலிருந்து படியுங்கள். அரை நிமிடம்தான் செலவாகும்.

தாளை எடுக்கவே நேரமில்லாத வேலைகள் சிலவும் உண்டு. பறக்கும்போது இன்ஜின் நின்றால் முதலில் மூக்கைத் தாழ்த்தி 68 நாட் வேகத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு, தரையோரத்தில் தொடங்கும் அதே வழி. எரிபொருள் அடைப்புக் குமிழ் முழுதாக உள்ளே, தேர்வுக் குமிழ் ‘போத்’ (இரு தொட்டிகளும்), மிக்ஸ்சர் முழுதாக உள்ளே, துணைப் பம்பு ஆன், சாவி ‘போத்’ (இரு மேக்னெட்டோக்களும்). தினமும் இன்ஜின் கிளப்பும்போது விரல் போய்ப் பழகிய வழி என்பதால் பதற்றத்திலும் கை தடுமாறாது. அதன் பிறகும் உயரம் மிச்சமிருந்தால், தாளை எடுத்து அவசரகாலப் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்கலாம்.