வீக்கம் வற்றினால் கிருமி போய்விட்டதா?

பல்வலியோடு வருகிறவர்களில் பலர் ஒரு குளிசை அட்டையையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "போன முறை இதைப் போட்டுத்தான் வீக்கம் வத்தினது டொக்டர், இதையே எழுதித் தாங்கோ." பெரும்பாலும் அது அமொக்சிசிலின் என்ற அன்ரிபயற்றிக். வலி நின்றதும் மிச்சத்தை எடுத்து வைத்திருப்பார்கள். மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வந்து வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் குளிசையால் ஆவது எது, ஆகாதது எது என்பதை எழுதுகிறேன்.

மனித வாயில் இதுவரை 700 வகைக்கு மேற்பட்ட பற்றீரியாக்கள் கண்டறியப்பட்டுள்ளன. 1683இலேயே நெதர்லாந்தின் லீவன்ஹூக் தன் பல்லில் சுரண்டிய வெள்ளைப் படிவைத் தானே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, உயிரோடு நெளிகிறவற்றைப் பற்றிக் கடிதம் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. சமநிலையைக் கெடுப்பது சீனி. ஸ்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பற்றீரியா சீனியிலிருந்து பசை போன்ற ஒன்றைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோல அதன்மேல் மற்றவையும் படிகின்றன. அங்கிருந்தபடி அது அமிலத்தைச் சுரக்கிறது. அமிலம் கூடக்கூடக் குறையும் பீஎச் அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேற்பூச்சான மிளிரி (எனாமல்) கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும். காலையிலிருந்து இரவு வரை மணிக்கொரு தடவை சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் எச்சிலுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்பதையும் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சூத்தை நரம்பு வரை இறங்கி, உள்ளிருக்கும் மென்திசு செத்துப்போனால் கதை மாறிவிடும். செத்த திசுவுக்கு இரத்த ஓட்டம் இல்லை. நாம் விழுங்கும் மருந்தோ இரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும். ஆக, பல்லின் உள்ளே ஒக்சிசன் இல்லாமலே வாழும் பிரிவோட்டெல்லா, பியூசோபக்ரீரியம் போன்ற பற்றீரியாக்கள் பத்திரமாக இருக்கின்றன. மருந்து அவற்றைத் தொடுவதில்லை. வேரின் நுனியைத் தாண்டி வெளியே பரவியவற்றை மட்டும் அது அடக்குகிறது. வீக்கம் வற்றுவது அதனால்தான். சில மாதத்தில் அதே இடம் மறுபடி வீங்கும். வேர்ச் சிகிச்சை செய்து உள்ளே துப்புரவாக்க வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும், சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்கு அன்ரிபயற்றிக் எந்த உதவியும் செய்யாது. பிரிவோட்டெல்லாவில் சில, அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தையும் சுரக்கின்றன. அடிக்கடி குளிசை போட்டவரின் வாயில் தப்பிப் பெருகுபவை அவைதான்.

கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து தொற்று நாக்கின் அடிக்கும் தாடையின் கீழுக்கும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 1836இல் இதை விவரித்த ஜேர்மன் வைத்தியர் லுட்விக்கின் பெயரில்தான் இன்றும் இது அறியப்படுகிறது. தாடைக்குக் கீழே இரு பக்கமும் கல்லுப்போல வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழாய் மணித்தியாலங்களில் அடைபடலாம். பல் கிளினிக்கைத் தேடவும் வேண்டாம். நேரே பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வாயிலுள்ள சில ஸ்ரெப்டோகொக்கஸ் வகைகள் பல் பிடுங்கும்போது இரத்தத்தில் கலக்கும். ஆரோக்கியமான இதயம் அவற்றைத் தாங்கும். செயற்கை வால்வு வைத்தவர்களும் முன்பு இதய உட்சுவரில் தொற்று வந்தவர்களும் கதிரையில் உட்காரும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு, பல் பிடுங்க அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஒரேயொரு தடவை மருந்து கொடுப்போம். வாதக்காய்ச்சலால் வால்வு பழுதானவர்களும் சொல்லுங்கள், முடிவெடுப்பதை வைத்தியரிடம் விடுங்கள்.

நம் மாவட்டத்து வயல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. முகத்திலோ கழுத்திலோ வருகிற எல்லாச் சீழ்க்கட்டியும் பல்லிலிருந்து வருவதில்லை. சேற்றுமண்ணிலும் வயல்நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பற்றீரியா இலங்கையிலும் இருக்கிறது. அது உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் சலரோகக்காரரையே அதிகம் தாக்கும். நுரையீரல், ஈரல், உமிழ்நீர்ச் சுரப்பி என்று எங்கும் கட்டி வரலாம். அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. பத்து நாளுக்குக் குறையாமல் ஊசி மருந்தும், அதன்பின் மாதக்கணக்கில் குளிசையும் தேவைப்படும். காய்ச்சலோடு கட்டி வந்தால், வயலில் இறங்கி வேலை செய்வதையும் சலரோகம் இருப்பதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்போதுதான் மருந்து தொடங்கும் முன்பே, எந்தக் கிருமி என்று அறியச் சீழை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்ப அவருக்குத் தோன்றும்.