மைனர் பங்குள்ள சொத்தை வாங்கும்போது: தாயின் கையெழுத்து எதுவரை செல்லும்?

கிரயப் பத்திரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது: “எனக்காகவும், எனது மைனர் மகனுக்குத் தாயும் இயற்கைக் காப்பாளருமான முறையிலும், மைனரின் கல்வி மற்றும் குடும்ப நன்மையை முன்னிட்டும்...” பத்திர எழுத்தர் காலங்காலமாகப் போட்டுவரும் வரி. இதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தவர்தான் பல வருடம் கழித்துப் பிரதிவாதியாக நிற்கிறார்.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 8 சொல்வது இதுதான். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும், மைனர் மேஜரான பிறகு 1 ஆண்டைத் தாண்டி ஓடும் குத்தகைக்கும் அப்படியே. பெற்ற தகப்பனுக்கும் விலக்கு இல்லை. அனுமதியில்லாமல் நடந்த கிரயத்தை மைனர் விரும்பினால் உடைக்கலாம். பணம் உண்மையிலேயே அவன் படிப்புக்குத்தான் செலவானது என்று காட்டினாலும் அனுமதி வாங்காத குறை தீராது. பத்திரம் பதிவாகிவிட்டதும் அதற்கு மருந்தல்ல.

“எங்கள் காசில் வாங்கி மகன் பெயரில் போட்டோம், நாங்கள் விற்கக் கூடாதா?” என்பார்கள். மகன் பெயரில் கிரயம் ஆன அன்றே அது அவன் சொத்து. பெற்றோர் அதன்பின் நிர்வாகம் பார்ப்பவர்கள் மட்டுமே.

அதைவிடச் சிக்கல், தகப்பன் உயில் எழுதாமல் இறந்துபோன குடும்பங்களில். அவர் சுயமாகச் சம்பாதித்த மனை. மனைவி, இரண்டு மைனர் பிள்ளைகள், அவருடைய தாயார் இருக்கிறார்கள் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. பட்டா மனைவி பெயருக்கு மாறியிருக்கலாம். அதனால் அவர் பங்கு காலுக்கு மேல் கூடிவிடாது. பாதி மனை பிள்ளைகளுடையது. “கூட்டுக் குடும்பச் சொத்துக்கு அனுமதி தேவையில்லையே” என்று இங்கே வாதம் வரும். குடும்பத் தலைவர் விற்கும் பிரிபடாத கூட்டுக் குடும்பச் சொத்துக்குப் பிரிவு 8 பொருந்தாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். தகப்பனின் சுயார்ஜித சொத்தில் வந்த பங்குக்கு அந்தச் சலுகையை இழுத்துப் போர்த்த முடியாது.

யார் காப்பாளர் என்பதிலும் குழப்பம் உண்டு. சட்டத்தில் “தந்தை, அவருக்குப் பின் தாய்” என்று இருக்கிறது. இந்தப் “பின்” தந்தை இறந்த பிறகு என்றல்ல, அவர் காப்பாளராக இல்லாத நிலையில் என்றுதான் பொருள்படும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தாத்தா, சித்தப்பா, அக்கா யாரும், பிள்ளையை வளர்ப்பவர்களாகவே இருந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் மைனர் சொத்தில் கைவைக்க முடியாது. அதே 1956 சட்டத்தின் பிரிவு 11 தடுக்கிறது. அவர்கள் எழுதிக்கொடுத்த கிரயம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. முஸ்லிம் சட்டத்தில் தாய்கூடச் சொத்துக் காப்பாளர் அல்ல என்பதால், தந்தையோ தந்தைவழித் தாத்தாவோ அவர்கள் உயில் மூலம் நியமித்தவரோ இல்லாத நிலையில் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் வாங்காமல் நகர முடியாது.

அனுமதி மனுவைச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் (மாநகரில் உரிமையியல் நீதிமன்றத்தில்) போட வேண்டும். குடியிருக்கும் ஊரில் போட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, விலை பேசிய ஒப்பந்தம் எல்லாம் இணையட்டும். நீதிபதி பார்ப்பது இரண்டே விஷயம்: விற்றே தீர வேண்டிய தேவையா, அல்லது மைனருக்குத் தெளிவான ஆதாயமா? “குடும்பச் செலவுக்காக” என்ற ஒற்றை வரி எடுபடாது. கடன் என்றால் வங்கி நோட்டீஸ், படிப்பு என்றால் கட்டண ரசீது, சிகிச்சை என்றால் மருத்துவமனைப் பில் வேண்டும். விலை நியாயம்தான் என்பதற்கு வழிகாட்டி மதிப்பு மட்டும் போதாது. பக்கத்து மனைகளின் அண்மைக் கிரயங்களையும் காட்டினால் நல்லது. மைனர் பங்குப் பணத்தை அவன் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டு, மேஜராகும்வரை தொடக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதிப்பதுண்டு.

முதலில் பத்திரம் போட்டுவிட்டு அப்புறம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சட்டம் “முன் அனுமதி” என்றுதான் சொல்கிறது. “வழக்கு வந்தால் நானே ஈடு கட்டுகிறேன்” என்று தாய் எழுதிக்கொடுப்பதும் மைனரைக் கட்டாது. அண்ணன் தம்பிக்குள் போடும் விடுதலைப் பத்திரத்தில் மைனர் பங்கைத் தாய் பைசா வாங்காமல் விட்டுக்கொடுப்பது இன்னும் மோசம். அதில் மைனருக்கு என்ன ஆதாயம்?

வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? வில்லங்கச் சான்றில் வயது இருக்காது. வாரிசுச் சான்றை எடுங்கள். உதாரணமாக, 2012-ல் கொடுத்த சான்றில் மகன் வயது 4. கிரயம் 2014-ல் நடந்திருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு 6. மேஜராவது 2026-ல். கிரயத்தை ரத்துசெய்ய வழக்குப் போட, காலவரையறைச் சட்ட அட்டவணையின் 60-வது உறுப்பின்படி அதிலிருந்து 3 ஆண்டு. ஆக 2029 வரை இந்த மனைமேல் கத்தி தொங்குகிறது. 3 ஆண்டுக்குள் வழக்கே போடாமல், அதே மனையை வேறொருவருக்கு விற்பது போன்ற நடத்தையாலும் பழைய கிரயத்தை மறுக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நீதிமன்றத்தில் வழக்கு இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். வில்லங்கத்தைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு 18 முடிந்திருந்தால், அவரையே அழைத்து, பழைய கிரயத்தை ஏற்று உறுதிப்படுத்தும் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவுசெய்வது சுத்தமான வழி.

அனுமதி உத்தரவு கையில் இருந்தாலும் அதன் சான்றிட்ட நகலை வரிவரியாகப் படியுங்கள். சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, குறைந்தபட்ச விலை சொல்லியிருக்கிறதா, கெடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பணத்தை மைனர் கணக்கில் போடச் சொல்லியிருந்தால், தாய் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் அந்தக் கணக்குக்கே வரைவோலை எடுத்து, அதன் எண்ணைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.