பூ கட்டத் தெரியும், வகுப்பு எடுக்கலாமா?

"அக்கா, எனக்கு ஜடை நல்லா தைக்க வரும். கிளாஸ் எடுக்கட்டுமா?" கல்யாண சீசன் ஓய்ந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். மதுரையில் மணப்பெண் ஜடை, மாலை ஆர்டர் எடுத்துக்கொண்டே அதைக் கற்றும் கொடுக்கிறவள் நான். திருப்பி ஒன்றுதான் கேட்பேன்: ஆடி மாசம் ஒரு புதன்கிழமை மல்லி கிலோ என்ன விலை, வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாள் என்ன விலை? சட்டென்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வகுப்பின் தேதியையும் கட்டணத்தையும் முடிவு செய்வது பூச்சந்தைதான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்லி, முகூர்த்தத்துக்கு முன்னால் 2000 ரூபாயைத் தாண்டும். பொங்கலை ஒட்டி 3000க்கு மேலும் போயிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர், அரை நாள் ஜடை வகுப்பு, தலைக்கு 750 ரூபாய் கட்டணம் என்றால் வரவு 4500. ஆளுக்குக் கால் கிலோ மொட்டு, நீங்கள் செய்து காட்டவும் கழிவுக்கும் அரை கிலோ, ஆக இரண்டு கிலோ. கிலோ 400க்கு வாங்கினால் பூச்செலவு 800. அதே பூ 2000 விற்கும்போது 4000. மிச்சம் 500 ரூபாயில் நார், ஊசி, அட்டை, ஆட்டோ, காபி, விடியற்காலை சந்தைக்குப் போன உங்கள் அலைச்சல் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. பூ விலையை மட்டும் கட்டணத்தில் ஏற்றிவிட்டு, தங்கள் நேரத்துக்கு விலையே போடாத பெண்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஆடியில் கல்யாணம் இல்லை, மல்லி வரத்தும் நன்றாக இருக்கும். மல்லியில் சொல்லித்தர அதுதான் தோதான மாசம். செவ்வாய், வெள்ளி மட்டும் வேண்டாம். அம்மன் கோயில்கள் பூவை அள்ளிக்கொண்டு போய்விடும். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கை சும்மா இருக்கும். ஆனால் பனியில் மல்லி வரத்துக் குறைந்துவிடும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவாயிற்றே, மதுரை மல்லியில்தான் தைப்பேன் என்று வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுவார்கள். மார்கழியில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் செவ்வந்தி, சம்பங்கி, ரோஜா இதழில் மாலை வகுப்பு வையுங்கள்.

அடுத்தது சொல்லித்தருகிற விதம். எதிரே உட்கார்ந்து கட்டிக் காட்டினால், பார்க்கிறவருக்கு எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் போனை உங்கள் தோளுக்கு மேலே நிறுத்துங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு மொட்டு, நாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணி போட்டு இழுப்பது. இது நம் விரலுக்குத் தெரியும், வாயால் சொல்லப் போனால் திணறுவோம். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ கொட்டும். புதிதாகக் கற்கிறவர் கையில் நூல் காம்பை வெட்டிவிடும். நனைத்த வாழைநார் கொஞ்சம் பொறுத்துப்போகும். முதல் ஒரு மணி நேரம் நான் சம்பங்கிதான் கொடுப்பேன். காம்பு தடிமன், விலையும் குறைவு, முரட்டுக் கையைத் தாங்கும். அப்புறம் மல்லி. சாயங்காலம் மொட்டு மலர ஆரம்பித்துவிடும், அதனால் காலையிலேயே தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு எடுக்கிறவர்கள் அரளியைத் தொடவே வேண்டாம். செடி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைக்கும்.

எழுத்து வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்யலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை வகுப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வகுப்புப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள். பூ வாங்கிய பிறகு வராதவருக்குத் திருப்பித் தர முடியாது என்று வாட்ஸ்அப்பில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

"கவர்மென்ட் சர்டிபிகேட் உண்டா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் அச்சடித்துத் தருவது வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டுமே, அதை அப்படியே சொல்லுங்கள். 'மாதம் 50,000 சம்பாதிக்கலாம்' என்று போஸ்டர் போடுவதை என்னால் சகிக்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் குற்றம். அதைவிட, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பெண் நாளைக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பாள்.

கற்றுக்கொண்டவர்களே போட்டிக்கு வந்துவிடுவார்களே என்ற பயமும் பலருக்கு உண்டு. வருவார்கள், வரட்டும். ஒரே முகூர்த்தத்துக்கு நாலு ஜடை, இரண்டு ஜோடி மாலை என்று ஆர்டர் குவியும்போது, நம் கைப்பழக்கத்திலேயே தைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கூப்பிடும்போதே கூலியைப் பேசிவிடுங்கள். 'நான்தானே சொல்லிக்கொடுத்தேன்' என்று சும்மா வேலை வாங்கினால் அடுத்த முகூர்த்தத்துக்குப் போனை எடுக்க மாட்டார்கள்.