எம்.டி.எஸ். ஓரல் சர்ஜரி: நீட் தேர்வு முதல் கல்லூரி இடம் வரை

இரவுப் பணியில் தாடை உடைந்து வந்தவருக்குக் கம்பி கட்டுவதை அருகில் நின்று பார்த்த பல ஹவுஸ் சர்ஜன்கள், அன்றே ஓரல் சர்ஜரிதான், அதாவது வாய், தாடை, முக அறுவைதான் தங்கள் துறை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விபத்தில் நொறுங்கிய முகம், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை, வாய்ப் புற்றுநோய் என்று பல் மருத்துவத்தில் பெரிய அறுவை அரங்கோடு நேரடியாகத் தொடர்புள்ள துறை இது. "எவ்வளவு ரேங்க் எடுத்தால் கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரே ரேங்க் எடுத்த இருவரில் ஒருவருக்கு அரசுக் கல்லூரியில் ஓரல் சர்ஜரி கிடைக்கிறது, மற்றவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் சான்றிதழும் விருப்பப் பட்டியலும்தான் அந்த வேறுபாட்டைச் செய்கின்றன. தமிழ்நாட்டு மாணவர்களை மனத்தில் வைத்து, அந்த இரண்டையும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேர்வு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, இளநிலைக்கும் முதுநிலைக்கும் பொது நுழைவுத் தேர்வு கட்டாயமாயிற்று. பல் மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ்.ஸுக்குரிய நீட் எம்.டி.எஸ். தேர்வை தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் ஆண்டுக்கு ஒரு முறை நடத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் பல் மருத்துவ இளநிலைப் படிப்பான பி.டி.எஸ். முடித்து, பல் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்தவர்கள் எழுதலாம். ஓராண்டு கட்டாயப் பயிற்சியை அந்த ஆண்டு அறிவிப்பில் சொல்லப்படும் கடைசித் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும். இதில் கவனமாக இருங்கள். துணைத் தேர்வு எழுதித் தாமதமாகப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் ஒரு மாத இடைவெளியில் ஓர் ஆண்டையே இழப்பதுண்டு. 2024இல் மாணவர்களின் கோரிக்கையை ஏற்று இந்தத் தேதியை மார்ச் 31இலிருந்து ஜூன் 30க்குத் தள்ளி வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

தேர்வு மூன்று மணி நேரம், 240 கேள்விகள், 960 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருள்கள் போன்ற அடிப்படைப் பாடங்களிலிருந்து 100 கேள்விகளும், பல் மருத்துவத் துறைப் பாடங்களிலிருந்து 140 கேள்விகளும் வரும். ஓரல் சர்ஜரி அந்த இரண்டாம் பகுதியில் வரும் பல பாடங்களில் ஒன்றுதான். ஆகவே அந்தத் துறையில் சேர விரும்புகிறவர் அந்தப் பாடத்தை மட்டும் கரைத்துக் குடித்துப் பயனில்லை. எல்லாத் துறைகளுக்கும் ஒரே தரவரிசைதான். நேர்காணல், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், பி.டி.எஸ். மதிப்பெண் எதற்கும் இங்கே இடமில்லை. சிறிய ஊரிலிருந்து வந்து, யாரையும் தெரியாமல் படிக்கும் மாணவருக்கு இது பெரிய பாதுகாப்பு என்றே நான் நினைக்கிறேன்.

தகுதி பெறப் பொதுப் பிரிவினருக்கு 50 சதமானமும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதமானமும், பொதுப் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதமானமும் வேண்டும். சதமானம் (பெர்சன்டைல்) என்பது மதிப்பெண் சதவீதம் அன்று, தேர்வெழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு. இடங்கள் நிரம்பாத ஆண்டுகளில் மத்திய அரசு இதைக் குறைப்பதும் உண்டு. ஆனால் அப்போது மீந்திருப்பவை பெரும்பாலும் போட்டி குறைந்த துறைகளும் கட்டணம் மிகுந்த கல்லூரிகளுமே. ஓரல் சர்ஜரிக்கு அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது.

எந்த இடத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது

அரசுக் கல்லூரிகளின் எம்.டி.எஸ். இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதை டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு, அதாவது எம்.சி.சி., நிரப்புகிறது. மத்தியப் பல்கலைக்கழக இடங்களுக்கும், நாடு முழுவதும் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களுக்கும் அதே குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைக் கல்லூரியில் சேர விரும்பினாலும் எம்.சி.சி.யில்தான் பதிவு செய்ய வேண்டும், நேரடியாக யாரும் இடம் தர முடியாது. "சீட் வாங்கித் தருகிறேன்" என்று தொலைபேசியில் பேசுகிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அரசுக் கல்லூரிகளின் மறுபாதியும், மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடும் நிர்வாக ஒதுக்கீடும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக் குழுவின் வழியாக நிரம்புகின்றன. இது மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழ் வருவது. எம்.சி.சி.யில் பதிவு செய்துவிட்டால் மாநிலத்துக்கும் சேர்த்து ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள்.

எய்ம்ஸ், சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகம் போன்றவை நீட் எம்.டி.எஸ். ரேங்கை ஏற்பதில்லை. அவற்றுக்கு எய்ம்ஸ் ஆண்டுக்கு இரு முறை நடத்தும் ஐ.என்.ஐ. சி.இ.டி. என்னும் தனிப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஏற்கெனவே படித்த பாடங்கள்தானே, எழுதிப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

மாநில ஒதுக்கீட்டுக்கு யார் தகுதியானவர் என்ற விதி இப்போது கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்று. முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிடத்தை வைத்து இட ஒதுக்கீடு செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தில், அதே கல்லூரியில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த சீனியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காமல், தேர்வுக் குழு அந்தந்த ஆண்டு வெளியிடும் தகவல் தொகுப்பேட்டைப் படியுங்கள்.

ஒரே ஆள், இரண்டு சாதிச் சான்றிதழ்

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். மாநில ஒதுக்கீட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உட்பட ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. பள்ளி நாள் முதல் கையில் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதும். குடும்ப வருமானத்தைக் கேட்க மாட்டார்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் கணக்கு வேறு. அங்கே எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10 சதவீதம். பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அந்த 27 சதவீதத்தைக் கேட்க முடியாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அது நடப்பு ஆண்டுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

"எங்கள் அப்பா சம்பளமே எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது, அதனால் எனக்குக் கிடையாது" என்று பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அரசு ஊழியராக இருக்கும் பெற்றோரின் சம்பளமும், விவசாய வருமானமும், வளமான பிரிவுக்கான ஆண்டு வருமான வரம்பாகிய அந்த 8 லட்சக் கணக்கில் சேர்வதில்லை. 1993ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி அவர்கள் வகிக்கும் பதவியின் நிலைதான் பார்க்கப்படும். தந்தை நேரடியாக குரூப் ஏ பணியில் சேர்ந்தவர் என்றால் கிடைக்காது. எழுத்தராகச் சேர்ந்து, பதவி உயர்வில் சம்பளம் கூடியவரின் மகளுக்குக் கிடைக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த ஆணையை எடுத்துக் காட்டிப் பேசத் தயங்காதீர்கள். ரேங்க் வந்த பிறகு ஓடுவதை விட, தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே இதை வாங்கிவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் பொதுப் பிரிவு என்று பதிந்துவிட்டுப் பிறகு மாற்றக் கேட்பது பெரும்பாடு.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வில் ஒவ்வொரு விருப்பமும் ஒரு கல்லூரியும் ஒரு துறையும் சேர்ந்தது. உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாத இடத்தை முதலில் எழுதினால் கீழே உள்ளதும் கிடைக்காமல் போகும் என்பது வெறும் பயம். சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஓரல் சர்ஜரி வேண்டுமென்றால், ரேங்க் எதுவானாலும் அதையே முதலில் எழுதுங்கள்.

வேண்டாத துறையைப் பட்டியலில் சேர்ப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது துறைகள் உள்ளன. ஒரு கல்லூரியின் ஓரல் சர்ஜரி துறையில் ஆண்டுக்குச் சில இடங்களே இருக்கும். பயத்தில் ஈறு மருத்துவமான பெரியோடான்டிக்ஸையும் வாய் நோயியலையும் கீழே வரிசையாகச் சேர்த்துவிட்டு, அது கிடைத்ததும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு கல்லூரி மாற முடியாது. நடுவில் விட்டால் பெருந்தொகை கட்ட வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகளும் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தத் துறையில் இருக்க மனம் ஒப்புமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பாது என்றால் அதை எழுதாதீர்கள். இன்னோர் ஆண்டு படித்து மறுபடி எழுத நீட் எம்.டி.எஸ்.ஸுக்கு வயது வரம்போ முயற்சி வரம்போ கிடையாது.

எம்.சி.சி. கலந்தாய்வு மூன்று சுற்றுகளும் அதன்பின் எஞ்சிய இடங்களுக்கான ஒரு சுற்றுமாக நடக்கிறது. முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் இழப்பு இல்லை. இரண்டாம் சுற்றில் சேராமல் விட்டால், பதிவின்போது கட்டிய வைப்புத்தொகை போய்விடும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அந்தத் தொகை பொதுப் பிரிவினருக்கு 25,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தும் சேராதவருக்கு அடுத்த தேர்வு எழுதவும் தடை வரும். எம்.சி.சி.யும் மாநிலங்களும் சேர்ந்தோர் பட்டியலைப் பகிர்ந்துகொள்வதால் இரண்டு இடங்களைப் பிடித்து வைக்கவும் வழியில்லை.

முதல் சுற்றில் சேர்ந்தவர் இரண்டாம் சுற்றில் மேல்நிலை மாற்றம் கேட்கலாம். கேட்டு, புதிய இடம் கிடைத்துவிட்டால் பழையது அந்த நொடியே ரத்தாகும். வெளிமாநில அரசுக் கல்லூரியில் ஓரல் சர்ஜரி கையில் இருக்கும்போது, சொந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள வேறு துறையையும் சேர்த்து எழுதி, விரும்பிய துறையை இழந்தவர்கள் உண்டு. இரண்டாம் பட்டியலில் கையில் இருப்பதை விட மேலானவை மட்டும்தான் இருக்க வேண்டும்.

கல்லூரியை எப்படிப் பார்ப்பது

இந்தத் துறைக்குக் கட்டடத்தின் அழகு முக்கியமில்லை. அருகில் விபத்துப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை இருக்கிறதா, பொது மயக்க மருந்து கொடுத்து வாரத்தில் எத்தனை நாள் அறுவை நடக்கிறது, முதுநிலை மாணவர் கையில் கத்தி வருகிறதா, பார்வையாளராகவே நிற்கிறாரா என்பவற்றை அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள். மயக்கவியல், பொது அறுவை, நரம்பியல் அறுவை, காது மூக்கு தொண்டை ஆகிய பிரிவுகளுக்குச் சுழற்சிப் பணிக்கு அனுப்புவது பாடத்திட்டத்தின் பகுதி. அது காகிதத்தில் நிற்கிறதா, நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். மாத உதவித்தொகை எவ்வளவு, அது உண்மையில் கைக்கு வருகிறதா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். அரசுக் கல்லூரி என்றால் படிப்பு முடிந்தபின் அரசுப் பணி செய்ய வேண்டிய ஒப்பந்தம் உண்டா, எத்தனை ஆண்டு, மீறினால் எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கட்டணம், உதவித்தொகை, ஒப்பந்த விவரங்களை எம்.சி.சி. இணையதளத்தில் கல்லூரிவாரியாகப் பார்க்கலாம்.

இப்போது இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், பி.டி.எஸ். இறுதியில் நெக்ஸ்ட் என்னும் பொதுத் தேர்வைக் கொண்டுவர வழிசெய்கிறது. தொழில் உரிமத்துக்கும் முதுநிலைச் சேர்க்கைக்கும் அதுவே அடிப்படையாகும். அது நடைமுறைக்கு வரும்வரை நீட் எம்.டி.எஸ். தொடரும். எது வந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் படித்த உடற்கூறும் மருந்தியலும் கேள்வித்தாளில் இருக்கும். அந்தப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.