வெயிலை வாசலில் நிறுத்தும் விறாந்தை

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி யோர்க் வீதிக்கு நடந்தால், கார்கில்ஸ் கட்டடத்தின் விறாந்தை வந்ததும் கை தானாகக் குடையை மடக்கும். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் இந்த வணிகக் கட்டடம் 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் எட்வேட் ஸ்கின்னர். வருவோர் முகப்பைப் படம் எடுக்கிறார்கள். எனக்கோ கீழே நடைபாதையை மூடி ஓடும் நிழல்தான் பெரிய வேலைப்பாடு.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு அருகில் நிற்பதால் வெயிலைக் கூரை வாங்கிக்கொள்ளும். தொல்லை காலையிலும் மாலையிலும்தான். யோர்க் வீதி துறைமுகப் பக்கமிருந்து தெற்கே ஓடுகிறது. அதன் கடைகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்து நிற்கின்றன. சாய்ந்த வெயில் நேரே முகத்தில் அடிக்கும்.

ஒரு விறாந்தையின் திறப்பு 4 மீற்றர் உயரம், வீதியோரத்திலிருந்து கடைச்சுவர்வரை அகலமும் 4 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் 45 பாகை ஏறியதும் ஒளி சரியாகச் சுவரடியில் வந்து முடியும். மார்ச் மாதத்தில், பகலும் இரவும் சமமாகும் நாட்களில், கிழக்குப் பார்த்த சுவருக்கு அது காலை ஒன்பதே கால் மணியளவில் நடக்கும். அதன்பின் கடைக்கண்ணாடியில் நேர் வெயில் கிடையாது.

பழைய கட்டடம் குளிர்வது தடித்த சுவரால் என்பார்கள். கொழும்பில் அது பாதி உண்மைதான். பகலில் சுவர் விழுங்கிய வெப்பத்தை இரவில் கக்க வேண்டுமே! பகல் 31 பாகை செல்சியஸ் என்றால் இரவும் 24 அளவில் புழுங்குகிறது; சுவர் ஆறுவதற்குள் விடிந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வையும் எளிதில் உலராது. ஆகவே இங்கே உடலுக்கு உதவுபவை நிழலும் அசையும் காற்றும். விறாந்தை வெயிலை மறிக்கும்போதே கடற்காற்றை உள்ளே விடுகிறது.

சற்றுத் தொலைவில் உள்ள உலக வர்த்தக மையக் கோபுரங்களின் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி வழியே நுழையும் ஒளி மேசையிலும் தரையிலும் பட்டு வெப்பமாகிறது; அந்த வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. பிறகு குளிரூட்டிதான் அதை இழுத்து வெளியேற்ற வேண்டும்.

ஒக்டோபர் பிற்பகல் மழைக்கு இந்த விறாந்தையில் ஒதுங்கியிருக்கிறேன். சாரலுக்கும் அதே கணக்குத்தான்: 45 பாகையில் அடித்தால் சுவரடிவரை நனையும். அப்போது எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொள்வோம்.