சொல் விளக்கம்: அதிகாரவாதம் (சர்வாதிகாரம் அன்று)

அமெரிக்க அரசியலைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூலின் மெய்ப்பு அண்மையில் என் மேசைக்கு வந்தது. அதன் மூன்றாம் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம்: "சர்வாதிகார ஆட்சிகள் சர்வாதிகார ஆட்சிகளைவிடக் கொடுமை குறைந்தவை, காலப்போக்கில் திருந்தவும் கூடியவை என்பது அம்மையாரின் வாதம்." அச்சுக் கோப்பில் ஏதோ விழுந்துவிட்டது என்றெண்ணி மூலத்தைப் புரட்டினேன். ஒன்றும் விழவில்லை. முன்னால் இருந்த சொல் அத்தாரிட்டேரியன் (authoritarian), அதிகாரத்துக்குப் பணியவைக்கும் ஆட்சி; பின்னால் இருந்தது டோட்டலிட்டேரியன் (totalitarian), வாழ்வின் எந்த மூலையையும் விடாமல் பிடிக்கும் ஆட்சி. இரண்டுக்கும் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் நகர்ந்திருக்கிறார். அம்மையார் என்பவர் அமெரிக்க அரசியலறிஞர் ஜீன் கர்க்பாட்ரிக். 1979 நவம்பரில் 'கமென்டரி' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் உயிரே அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இருக்கிறது. ஈரானின் ஷா, நிகராகுவாவின் சொமோசா போன்ற நேச ஆட்சியாளர்களைக் கைவிட்டதற்காகக் கார்ட்டர் அரசைச் சாடிய அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் ரீகன் அவரைத் தம் பக்கம் இழுத்துப் பின்னர் ஐ.நா. தூதராக்கினார். அந்த வாதத்தை ஒருவர் ஏற்கலாம், வெறுக்கலாம். தமிழில் படிப்பவருக்கோ இரண்டுக்கும் வழியில்லை, வாதமே காணாமற்போயிருக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அத்தாரிட்டி என்பதன் வேர் இலத்தீன் 'ஆக்டர்'. தோற்றுவிப்பவன், முன்னின்று உறுதி தருபவன் என்று பொருள். அதிலிருந்து வந்த 'ஆக்டோரிடாஸ்' சொல்லுக்குரிய மதிப்பையும், பிறர் தலைவணங்கும் தகுதியையும் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதோடு ஒரு விகுதி சேர்ந்து, அதிகாரத்துக்குப் பணிதலே தலையாய நெறி என்று கருதும் போக்கைச் சுட்டும் சொல்லாக அது மாறியது. நாம் சர்வாதிகாரி என்னும் டிக்டேட்டர் தனிக்கதை. உரோமக் குடியரசில் நெருக்கடிக் காலத்தில், அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு, சட்டப்படி நியமிக்கப்பட்ட ஒரு பதவியின் பெயர் அது; கி.மு. 44-இல் சீசர் அதை வாழ்நாள் பதவியாக்கிக்கொண்ட பிறகு வந்த கெட்ட பெயர் இன்றுவரை போகவில்லை. டோட்டலிட்டேரியன் மிக இளையது: 1923-இல் இத்தாலியில் முசோலினியின் எதிர்ப்பாளரான ஜியோவன்னி அமெண்டோலா வசையாக எறிந்த சொல்லை, முசோலினியே பின்னர் பெருமையோடு எடுத்து அணிந்துகொண்டார்.

நம் சர்வாதிகாரியும் தொடக்கத்தில் வசைச்சொல் அன்று. ஹைதர் அலி மைசூரின் ஆட்சியைக் கைக்கொண்டபோது ஏற்ற பட்டம் அது. திருவிதாங்கூரில் சர்வாதிகாரியக்காரர் என்று ஓர் உயர் அலுவலரே இருந்தார். சட்டமறுப்புக் காலத்துக் காங்கிரசில் தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறை செல்ல, போராட்டத்தை நடத்த அடுத்தடுத்து நியமிக்கப்பட்டவர்களுக்குச் சர்வாதிகாரி என்றே பெயர். 1938 இந்தி எதிர்ப்புப் போரிலும் அதே வழக்கம் தொடர்ந்தது. நெருக்கடிக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, ஒருவர் கையில் முழுப் பொறுப்பு. உரோமத்து மூலப் பொருளோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய மொழிபெயர்ப்பு வேறெந்த அரசியற்சொல்லுக்காவது வாய்த்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே டிக்டேட்டருக்குச் சர்வாதிகாரி என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சொல்லைத் தன் வீட்டில் இருக்கவிடாமல் ஊரெல்லாம் சுற்ற விடுவதுதான் குறை.

சுற்ற விட்டால் என்ன கெடும் என்று கேட்பவர்கள், 1950-இல் செர்மன் மெய்யியலாளர் அடோர்னோவும் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து வெளியிட்ட 'அத்தாரிட்டேரியன் பர்சனாலிட்டி' என்ற ஆய்வை நினைத்துப் பார்க்க வேண்டும். அதைச் 'சர்வாதிகார ஆளுமை' என்றும், ஒருபடி மேலே போய்ச் 'சர்வாதிகாரியின் ஆளுமை' என்றும் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த ஆய்வு எந்தச் சர்வாதிகாரியின் மனத்தையும் ஆராயவில்லை. மாணவர்கள், தொழிலாளர்கள், நடுத்தர வகுப்பினர் எனச் சாதாரண அமெரிக்கர்களிடம் வினாத்தாள் கொடுத்து, மேலே இருப்பவனிடம் குனிந்தும் கீழே இருப்பவனிடம் நிமிர்ந்தும் நடக்கும் மனப்பாங்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முயன்றது. ஆட்சியாளனைப் பற்றியதன்று, ஆட்சியாளனைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றியது. 'சர்வாதிகார ஆளுமை' என்று மொழிபெயர்த்த நொடியில் கை நீட்டிக் குற்றம் சாட்டப்படுபவர் மாறிவிடுகிறார். அந்த அளவுகோல் வலதுசாரிகளிடம் மட்டுமே நோயைக் காண்கிறது, இடதுசாரிகளிடம் உள்ளதைக் காணத் தவறுகிறது என்று 1954-இல் சமூகவியலாளர் எட்வர்டு ஷில்ஸ் எழுப்பிய மறுப்பும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இடதிலும் அதே பணிவு உண்டு என்பது அவர் கூற்று. சர்வாதிகாரம் என்று போட்டுவிட்டால் அவர் ஏதோ ஸ்டாலினைப் பற்றி மட்டும் பேசுவதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு கூட்டுச்சொல்லைப் பாருங்கள். 2002-இல் ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூக்கன் வே என்ற இரு ஆய்வாளர்கள், தேர்தல் உண்மையாகவே நடக்கிற, எதிர்க்கட்சி உண்மையாகவே போட்டியிடுகிற, ஆனால் வழக்கு, வரிச்சோதனை, ஊடக நெருக்கடி ஆகியவற்றால் ஆடுகளம் ஒரு பக்கமாகச் சாய்க்கப்பட்டிருக்கிற ஆட்சிகளுக்கு 'காம்பெட்டிட்டிவ் அத்தாரிட்டேரியனிசம்' என்று பெயரிட்டார்கள். மிலோசெவிச்சின் செர்பியாவும் புஜிமோரியின் பெருவும் அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகள். 2025-இல் அமெரிக்காவே அந்தப் பாதையில் இறங்குகிறது என்று அதே இருவரும் எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. என்னிடம் வந்த மெய்ப்பில் இது 'போட்டிச் சர்வாதிகாரம்' ஆகியிருந்தது. போட்டித் தேர்வு, போட்டி வேட்பாளர் போல ஒரு போட்டிச் சர்வாதிகாரம்! இரண்டு சர்வாதிகாரிகள் எதிரெதிரே கடை விரித்திருப்பதாகத்தான் எந்தத் தமிழரும் படிப்பார். போட்டியும் சர்வாதிகாரமும் ஒன்றாக நிற்கா. சர்வ என்றபின் போட்டிக்கு என்ன மீதம்?

இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. அமெரிக்கக் கட்சிகள் ஒன்றையொன்று எதற்காகச் சாடுகின்றன என்பதே நமக்குப் புரியாமல் போகிறது. 2022 மார்ச்சில் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பாலியல் நாட்டம், பாலின அடையாளம் ஆகியவற்றைப் பற்றி வகுப்பறையில் கற்பிப்பதை அது தடுத்தது. பிள்ளைக்கு எதை எப்போது சொல்வது என்பது பெற்றோரின் உரிமை என்றார்கள் ஆதரித்தவர்கள். அரசு ஆசிரியரின் வாயைக் கட்டுகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். சட்டத்தை எதிர்த்துப் பேசிய டிஸ்னி நிறுவனம் 1967 முதல் அனுபவித்துவந்த தனி நிர்வாகப் பகுதியைக் கலைக்கும் சட்டம் அடுத்த மாதமே வந்தபோது, பேசியதற்குத் தண்டனையா என்ற கேள்வியோடு அத்தாரிட்டேரியன் என்ற குற்றச்சாட்டும் உரத்து ஒலித்தது. அதே சொல்லை அதே ஆண்டுகளில் குடியரசுக் கட்சியினர் திருப்பி எறிந்தார்கள்: பெருந்தொற்றுக் கால முகக்கவச ஆணைகள், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தடுப்பூசி அல்லது வாராந்தரச் சோதனை என்ற பைடன் அரசின் விதி ஆகியவை அவர்களுக்கு அத்தாரிட்டேரியன். அந்த விதியை 2022 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நிறுத்திவைத்தது.

இந்த இரு தரப்பில் எவரும், நாட்டில் தேர்தலும் நீதிமன்றமும் ஒழிந்து ஒருவர் முடிசூடிக்கொண்டார் என்று அப்போது சொல்லவில்லை. ஆணையிடக் கூடாத இடத்தில் அரசு ஆணையிடுகிறது, மறுப்பவனை அதிகாரத்தால் வளைக்கிறது என்பதே இரு தரப்பின் புகாரும். இதைச் சர்வாதிகாரம் என்று தமிழாக்கித் தொலைக்காட்சி விவாதத்தில் வைத்தால், எதிரே இருப்பவர், "தேர்தல் நடக்கிறது, நீதிபதி தடை போடுகிறார், பத்திரிகை திட்டுகிறது, எங்கே ஐயா சர்வாதிகாரம்?" என்று கேட்டு ஒரே வரியில் வென்றுவிடுகிறார். அவர் வென்றது ஒரு மொழிபெயர்ப்பை. அந்த ஆங்கிலச் சொல் அவ்வளவு பெரிய குற்றத்தைச் சாட்டவே இல்லை.

(இந்தச் சண்டைகளுக்கு வழங்கும் கல்ச்சர் வார் என்ற பெயரைப் பண்பாட்டுப் போர் என்பதா கலாச்சாரப் போர் என்பதா என்று கேட்டு எழுதும் நண்பர்களுக்கு: எதுவானாலும் எனக்குச் சம்மதம், பொருள் பிசகவில்லை. பிஸ்மார்க் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த பூசலுக்கு 1873-இல் மருத்துவரும் அரசியலாளருமான விர்ஹோ வழங்கிய 'குல்டுர்காம்ப்' என்ற செர்மன் பெயரை ஒத்தது அது. 1991-இல் ஜேம்ஸ் ஹண்டர் என்ற சமூகவியலாளரின் நூலும், 1992 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் ஹூஸ்டன் மாநாட்டில் பாட் புகேனன் ஆற்றிய உரையும் அமெரிக்காவில் அதை நிலைநாட்டின. 'கலாச்சாரச் சண்டை' என்று மட்டும் எழுத வேண்டா. குழாயடியில் நடப்பதுபோல் இருக்கிறது.)

சரி, மாற்றுச்சொல் எது? இலங்கைத் தமிழ் ஏடுகள் நெடுங்காலமாக எதேச்சாதிகாரம் என்று எழுதிவருகின்றன. தமிழ்நாட்டு ஏடுகளைவிட அவர்கள் இந்த வகையில் கவனமானவர்கள். இரண்டு கருத்துக்கு இரண்டு சொல் வேண்டும் என்ற உணர்வாவது அவர்களிடம் இருக்கிறது. ஆனால் யதேச்சை என்றால் இச்சைப்படி, மனம்போன போக்கில் என்று பொருள். அது ஆட்டோக்ரசிக்கு, தன் விருப்பமே சட்டமாக ஆண்ட உருசியச் சார் மன்னர்களின் முறைக்கு, மிக நன்றாகப் பொருந்தும். அத்தாரிட்டேரியன் ஆட்சிக்கு 1964-இல் இலக்கணம் வகுத்த அரசியலறிஞர் ஹுவான் லின்ஸ், பிராங்கோவின் ஸ்பெயினை முன்வைத்துச் சொன்னது இதற்கு நேர்மாறு: ஓரளவு பன்மைக்கு இடமுண்டு, விரிவான சித்தாந்தம் இல்லை, ஆட்சியாளரின் எல்லைகள் ஏட்டில் தெளிவாக வரையறுக்கப்படாவிட்டாலும் நடைமுறையில் இன்னது நடக்கும் என்று முன்கூட்டியே கணிக்கத்தக்கவை. கணிக்கத்தக்க ஒன்றை எதேச்சை என்பது எப்படி? ஃபுளோரிடாச் சட்டத்தையும் பாருங்கள். சட்டமன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றியது. அதை மனம்போன போக்கு என்று அதன் எதிரிகளும் சொல்ல மாட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் வல்லாட்சி என்பார்கள். காதுக்கு இனிய சொல்தான். ஆயினும் வல் என்பதில் வன்முறையும் வலிமையும் முன்னே வந்து நிற்கின்றன. லத்தியும் பூட்சும் இல்லாமல், அரசிதழ் அறிவிப்பாலும் மானிய நிறுத்தத்தாலும் நடக்கிற அடக்குதல் அதற்குள் அடங்காது. மேலும் அது ஆட்சியை மட்டுமே குறிக்கும். ஒரு மனிதனின் மனப்பாங்கை, ஒரு கட்சியின் சாய்வை, ஒரு தந்தையின் வளர்ப்பு முறையை வல்லாட்சி என்று சொல்ல முடியாது. ஆங்கிலச் சொல் இவை அனைத்துக்கும் பயன்படுகிறது. கொடுங்கோன்மை குறள் அதிகாரத்தின் பெயர், டிரனிக்கு (tyranny) பொருந்துவது. அதற்குக் கோல் வேண்டும், கோன் வேண்டும். அதிகாரத்துவம் என்பதை நம் இடதுசாரி மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ அலுவலர் ஆட்சிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே நான் அதிகாரவாதம் என்கிறேன். அதிகாரம் கெட்டதன்று, அதையே எல்லாவற்றுக்கும் மேலான நெறியாக வைப்பது வாதம். மதவாதம், சாதியவாதம் என்பவற்றில் மதமும் சாதியமும் எப்படி நிற்கின்றனவோ அப்படி இதில் அதிகாரம் நிற்கிறது. புதிய வாசகரும் தடுமாறாமல் பொருள் கொள்வார். அதிகாரவாத ஆட்சி, அதிகாரவாத மனப்பாங்கு, அதிகாரவாதப் போக்கு, அதிகாரவாதி என்று எந்தப் பக்கமும் வளையும். லெவிட்ஸ்கியும் வேயும் சொன்னது தேர்தல்வழி அதிகாரவாதம். டோட்டலிட்டேரியனுக்கு முற்றாதிக்கம் போதும். வீடு, பள்ளி, கோயில், படுக்கையறை எதையும் விடாது முற்றாகப் பிடிப்பது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. இனி அம்மையாரின் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: "அதிகாரவாத ஆட்சிகள் முற்றாதிக்க ஆட்சிகளைவிடக் கொடுமை குறைந்தவை." இப்போது அவரோடு சண்டை போடலாம். இரண்டு சொல்லும் வடசொல் கலந்தவை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதிகாரம் வள்ளுவர் நூலின் பகுப்புக்கே பெயராகி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின, இன்னும் எத்தனை நாள் அதை வாசலில் நிற்கவைப்பது?

சர்வாதிகாரியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவீர்களா என்று கேட்கப்பட்டபோது, முதல் நாளைத் தவிர மற்ற நாள்களில் சர்வாதிகாரியாக இருக்க மாட்டேன் என்றார் டிரம்ப். எல்லையை மூடுவதையும் எண்ணெய் தோண்டுவதையும் பற்றிய வேடிக்கைப் பேச்சு என்றனர் அவருடைய கட்சியினர். வாக்குமூலம் என்றனர் மற்றவர்கள். 2025 ஆகஸ்டில், பலர் தங்களுக்கு ஒரு சர்வாதிகாரி பிடிக்கும் என்கிறார்கள், நான் சர்வாதிகாரி அல்லேன் என்றும் அவர் சொன்னார். இந்த இரண்டு இடங்களிலும் மூலச்சொல் டிக்டேட்டர். இவ்விடத்தில் சர்வாதிகாரி என்று எழுதினால்தான் அந்தச் சொல் அமெரிக்க வாசகரைத் திடுக்கிடவைத்த அளவுக்கு நம்மையும் திடுக்கிடவைக்கும். முகக்கவசத்துக்கும் வகுப்பறைப் பாடத்துக்கும் தினம் தினம் அதைச் செலவழித்துவிட்டவரிடம் இந்த இடத்தில் போட என்ன இருக்கிறது? காரம் மிகுந்த சொல்லே தலைப்புக்கு நல்லது என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. கண்டனம் எல்லாம் கடும் கண்டனம், மோதல் எல்லாம் பயங்கர மோதல், ஆணையிடுபவர் எல்லாம் சர்வாதிகாரி.

மெய்ப்பில் நாற்பத்தொரு இடங்களில் திருத்தம் போட்டு, இந்தக் காரணங்களை எல்லாம் ஒன்றரைப் பக்கக் கடிதமாக எழுதி இணைத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து இரண்டாம் மெய்ப்பு வந்தது. உடனிருந்த குறிப்பில், அதிகாரவாதம் வாசகருக்குப் புதிது என்பதால் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். நாற்பத்தொரு இடத்திலும் இப்போது 'சர்வாதிகாரவாதம்' இருக்கிறது.