நளதம்: பெத்தானியா வீட்டை நிறைத்த வாசனை எந்த வேருடையது?

பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவுக்குப் பூசிய வாசனைத் தைலத்துக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'நார்தோஸ்'. புதிய ஏற்பாட்டில் மாற்கு 14:3, யோவான் 12:3 என்ற இரண்டே இடங்களில் வருகிறது. பழைய ஏற்பாட்டின் உன்னதப்பாட்டில் இதன் எபிரேய வடிவமான 'நேர்த்' உண்டு. இரண்டுக்கும் வேர் சமஸ்கிருத 'நலத' என்பதே. பண்டம் மேற்கே போனபோது பெயரும் கூடவே போய், வழியில் லகரம் ரகரமானது. பழைய தமிழ் வேதாகமம் 'நளதம்' என்று எழுதியது, கடல் கடந்த சொல்லைப் பிறந்த வீட்டுக்கே கூட்டி வந்ததற்குச் சமம்.

செடி இமயமலையில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் வளர்வது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இதன் பெயர் சடாமாஞ்சில். விரல் நீள வேர்த்தண்டைச் சுற்றி, பழைய இலைக்காம்புகளின் நார்கள் பழுப்பு மயிர்போல அடர்ந்திருக்கும். அதைச் சடை என்று பார்த்தவர்கள் 'சடாமாஞ்சி' என்றார்கள். தானியக் கதிர் என்று பார்த்த கிரேக்கர்கள் 'நார்தோஸ்டாகிஸ்', அதாவது நார்தோஸ் கதிர் என்றார்கள். தாவரவியல் இரண்டையும் சேர்த்து 'நார்தோஸ்டாகிஸ் சடாமான்சி' என்று வைத்துக்கொண்டது.

புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் யோவான் 12:3இல் 'இலாமிச்சை' என்கிறது. குழப்பம் இங்கேதான். வடமொழி நிகண்டுகளில் 'நலதம்' வெட்டிவேரையும் குறிக்கும். தமிழில் இலாமிச்சையும் வெட்டிவேரும் ஒன்றுக்கொன்று மாறி வழங்கியதுண்டு. ஆனால் சித்த மருந்துச் சரக்கில் இலாமிச்சை, அதாவது விலாமிச்சை, துளசிக் குடும்பத்துச் செடி. தண்டை நட்டுச் சமவெளியில் பயிரிடுகிறார்கள். அதன் வேர் மெல்லியது, வைக்கோல் நிறம், குளிர்ச்சியான மணம். சடாமாஞ்சிலோ கரும்பழுப்பு, நார் மூடியது, மண்வாடை கலந்த கனத்த மணம். இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். காதுக்கு இனிய தமிழ்ச்சொல் என்பதற்காக வேறொரு செடியை அங்கே நடுவது சரியல்ல என்பதே என் கருத்து.

'நார்தோஸ்' உடன் வரும் அடைமொழி 'பிஸ்டிகே'. இதன் பொருள் இன்னும் வாதத்தில் இருக்கிறது. 'நம்பத்தக்க' என்பதே பெரும்பாலோர் கொள்வது. தமிழில் 'உத்தம', 'களங்கமில்லாத', 'கலப்பற்ற' என மூன்று விதமாக வந்திருக்கிறது. 'கலப்பற்ற' நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அந்தச் சரக்கில் கலப்படம் சகஜம். அஞ்சனக்கல் பொடியைத் தண்ணீரோடு தெளித்து எடையேற்றுவார்கள் என்று முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் எச்சரிக்கிறார். அதே நூற்றாண்டின் ரோம எழுத்தாளர் பிளினி, நளதக் கதிர் ஒரு ராத்தல் 100 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு; தமிழ் வேதாகமத்தில் 'பணம்') என்று விலை தருகிறார். இது உலர்ந்த சரக்கின் விலை. வேரை எண்ணெயில் ஊறவைத்து, வேறு வாசனைப் பொருட்களும் சேர்த்துத் தைலமாக்கினால் விலை ஏறும். அந்தத் தைலத்தை விற்றிருக்கலாமே என்று சீடன் யூதாஸ் சொன்ன 'முந்நூறு பணம்' மிகையல்ல. கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்றால் கிட்டத்தட்ட ஓராண்டு உழைப்பு.

அளவிலும் ஒரு வழுக்கல் உண்டு. பழைய வேதாகமத்தில் தைலத்தின் அளவு 'ஒரு இராத்தல்' என்றதும் நாம் ஆங்கிலேயர் கால ராத்தலை, 450 கிராமுக்குச் சற்று மேல், நினைக்கிறோம். மூலத்தில் உள்ள 'லித்ரா' ரோம ராத்தல், ஏறக்குறைய 327 கிராம். இந்த இடத்தில் திருவிவிலியத்தின் 'ஏறக்குறைய முந்நூற்று இருபது கிராம்' தான் துல்லியம்.

இந்த வாணிகத்தில் நம் கரைக்கும் பங்குண்டு. கங்கை முகத்திலிருந்து கடல்வழியே வந்த நளதம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் கப்பலேறியது. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று, வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஏடு, 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குகளில் கங்கை நளதம் 60 பெட்டி என்று கணக்குக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பில் 'நளதம்' என்றே விட்டு, அடிக்குறிப்பில் 'சடாமாஞ்சில் வேரில் செய்த தைலம்' என்று எழுதினால் போதும். 'நளத எண்ணெய்' வேண்டாம். இன்று கடையில் விற்பது ஆவியில் வடித்த எண்ணெய், பெத்தானியாவில் உடைந்த வெள்ளைக்கல் பரணியில் இருந்தது ஊறவைத்த தைலம்.